செட்டிநாட்டுச் சின்ன ஊர்களில் தனியாக பைக்கில் மூன்று நாள்: போனவர்கள் சொல்லுங்கள்

மலைக்கோட்டை 125

வணக்கம், திருச்சியிலிருந்து எழுதுகிறேன். தை மாதத்தில் மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன், தனியாக பைக்கில் செட்டிநாட்டைச் சுற்றலாம் என்று எண்ணம். காரைக்குடிக்கு இதுவரை இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டும் கல்யாணத்துக்கு, மண்டபத்தையும் பஸ் ஸ்டாண்டையும் தவிர ஒன்றும் பார்க்கவில்லை. இந்த முறை பெரிய ரோட்டை விட்டு இறங்கி ராயவரம், கடியாபட்டி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி மாதிரி ஊர்களுக்குள் போக வேண்டும்.

அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. என் அம்மாவின் அப்பா ராயவரத்தில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். "அந்த வீட்டு முகப்புல நின்னு கத்தினா பின்கட்டுல இருக்கிறவனுக்குக் கேக்காது" என்று அவர் சொன்னதை அம்மா இன்றைக்கும் சொல்வார். தாத்தாவை நான் பார்த்ததில்லை, அவர் நடந்த தெருவையாவது பார்த்துவிட வேண்டும்.

வீடுகளுக்குள் விடுவார்களா, ராத்திரி எங்கே தங்குவது, தனி ஆள் என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்களா, பஞ்சர் ஆனால் என்ன செய்வது? வண்டி எட்டு வருடப் பழைய 125 சிசி, இரண்டு சக்கரமும் டியூப் டயர்தான்.

பள்ளத்தூர்வாசி

தம்பி, திருச்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பி முதலில் திருமயத்தில் நிறுத்துங்கள். ராமநாதபுரம் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டை ரோட்டிலிருந்தே தெரியும். அந்தக் குன்றின் அடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து குடைவரைக் கோயில் இருக்கிறது, கோட்டையில் ஏறிவிட்டு அதைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். அங்கிருந்து கடியாபட்டி, ராயவரம், கானாடுகாத்தான் எல்லாமே பக்கம், அவசரப்பட வேண்டாம்.

வீடுகளைப் பற்றி ஒன்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள், ஆத்தங்குடியில் அப்படி ஒரு பெரிய வீடு உண்டு. மற்றதெல்லாம் பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடுகள். ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் மலேசியாவில், கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபதாம் கல்யாணம்) முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் வந்து திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் ஒரு காவல்காரரோ கூட்டிப் பெருக்கும் அம்மாவோதான் இருப்பார்கள். உள்ளே விடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், காசைக் காட்டி அவர்களைச் சங்கடத்தில் விடாதீர்கள். வெளியே நின்று பார்க்கவே ஒரு நாள் போதாது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு (நடுமுற்றமும் சுற்றியுள்ள அறைகளும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் போகும், உங்கள் தாத்தா சொன்னது அதைத்தான். பர்மாத் தேக்கும் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சும் எங்கிருந்து வந்த பணத்தில் நின்றன என்று யோசித்துக்கொண்டே நடங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய தொழில் அது, 1941-42இல் ஜப்பான்காரன் அங்கே நுழைந்தபோது பல குடும்பங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தன. இன்றைக்குப் பூட்டிக் கிடக்கும் கதவுகளில் பாதிக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஊருணிக்கரையில் வண்டியை நிறுத்தி உட்காருங்கள், ஆனால் குடிதண்ணீர் ஊருணி என்றால் செருப்போடு இறங்காதீர்கள், வண்டி கழுவவே கழுவாதீர்கள்.

கண்டாங்கி

நான் மதுரைப் பெண், இந்தப் பக்கம் இரண்டு முறை தனியாக ஓட்டியிருக்கிறேன். பயமெல்லாம் வேண்டாம். தெருவுக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டிவிடுங்கள், முகம் தெரிந்தால் பேசுவார்கள். "எந்த ஊரு, யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?" என்றுதான் முதல் கேள்வி வரும். அது சந்தேகம் இல்லை, விசாரிப்பு. உங்களுக்கு ராயவரத்துக் கதை இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள், திண்ணையில் உட்கார வைத்துவிடுவார்கள். வயதான ஆச்சிமார் யாராவது இருந்தால் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள்.

தங்குவதற்கு காரைக்குடிதான் சரி. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஓட்டலாக்கியிருக்கிறார்கள், அழகுதான், வாடகை நம் கைக்கு எட்டாது. காரைக்குடியில் ஒரு சாதாரண லாட்ஜில் மூன்று ராத்திரிக்கும் ரூம் போட்டு மூட்டையை அங்கே வைத்துவிட்டால் வண்டியும் லேசாக இருக்கும். முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை, வழியில் ஏதாவது ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பி இருட்டிய பிறகு விளக்கில்லாத ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்ட வேண்டியதாகிவிட்டது, இப்போது நினைத்தாலும் நடுங்குகிறது.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை சின்ன ஊர்களில் ஒரு கடையும் திறந்திருக்காது, பன்னிரண்டரைக்கே சாப்பிட்டுவிடுங்கள். சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் எங்கே போடுகிறார்கள் என்று டீக்கடையில் கேளுங்கள்.

ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) போடும் பட்டறையில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தித் தண்ணீர்த் தொட்டியில் ஊற விடுகிறார்கள். கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும்போது அந்தப் பளபளப்பு இருக்கிறதே, மெஷினே கிடையாது, எல்லாம் கைதான். அதைப் பார்த்த பிறகு நான் எந்த வீட்டுத் தரையிலும் செருப்போடு நடப்பதில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, போய்ப் பாருங்கள். ஆனால் எனக்கு அங்கே மனசு நிற்கவில்லை. சாத்தி வைத்திருக்கிற ஒவ்வொரு தூணும் ஏதோ ஒரு ஊரில் இடித்த வீட்டினுடையது.

பள்ளத்தூர்வாசி

தூண் விஷயத்தில் இவர் சொல்வது சரிதான், ஆனால் விற்றவர்களையும் குறை சொல்ல முடியாது. ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும்போது, நாற்பது பங்காளியில் யார் கொடுப்பது? எங்கள் தெருவிலேயே ஒரு வீடு அப்படித்தான் போனது, லாரியில் நிலைக்கதவை ஏற்றிய அன்றைக்குத் தெருவே வெளியே வந்து நின்றது.

திருப்பத்தூர் ஸ்பேனர்

இருபது வருடமாக டூவீலர் வேலை பார்க்கிறேன், பஞ்சர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே உங்கள் எதிரி ஆணி இல்லை, சீமைக்கருவேல முள். ரோட்டோரம் முழுக்க அதுதான், விறகு வெட்டி ஏற்றிப் போகும்போது உதிர்ந்து கிடக்கும். நிழலுக்காக அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு டியூப், வீல் நட்டுக்குச் சரியான ஸ்பேனர், ஒரு கிளட்ச் கேபிள், இவ்வளவு கையில் இருந்தால் போதும், எந்த ஊர் பஞ்சர் கடைக்காரரும் மாட்டிக் கொடுத்துவிடுவார். மாட்டும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முள் நுனி ரப்பரில் ஒடிந்து நிற்கும், அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஐந்தாவது கிலோமீட்டரில் அதுவும் போய்விடும்.

தை என்றால் அறுப்புக் காலம், ரோட்டிலேயே நெல்லும் வைக்கோலும் காயும், அதன்மேல் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். விடியற்காலையில் மயில் திடீரென்று குறுக்கே பறக்கும். அப்புறம் முக்கியமானது, தைப்பூசத்துக்கு முன்னால் என்றால் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நகரத்தார் (செட்டியார்கள்) காவடி கிளம்பும், பாதயாத்திரைக்காரர்கள் ராத்திரியும் நடப்பார்கள், எங்கள் பக்கம் இருட்டில் ஓட்டவே வேண்டாம்.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பார்த்துவிட்டு அப்படியே திருப்பத்தூர் வழியாகக் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போங்கள். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977இல் அறிவித்தது. கண்மாயில் வலசை வந்த பறவைகள் கூடு கட்டியிருக்கும். அதுகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. ஹாரன் அடிக்காமல் போங்கள், இன்ஜினைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

மலைக்கோட்டை 125

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காரைக்குடியில் ரூம் சொல்லிவிட்டேன், டியூப் இரண்டும் வாங்கியாயிற்று. கொள்ளுக்குடிப்பட்டி என் பட்டியலிலேயே இல்லை, மூன்றாம் நாள் காலை அங்கேதான்.

ராயவரம்தான் இன்னும் குழப்பம். எந்த வீடு என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, முதலாளி பேரும் ஞாபகம் இல்லை. தெருத்தெருவாகப் போய்க் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பள்ளத்தூர்வாசி

பேர் வேண்டாம் தம்பி, விலாசம் கிடைக்குமா பாருங்கள். இங்கே வீட்டைக் கதவு நம்பரால் சொல்ல மாட்டார்கள், பாட்டன் பூட்டன் பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இன்னார் வீடு என்பார்கள். பழைய கடிதம், கணக்கு நோட்டு, பித்தளைப் பாத்திரம் ஏதாவது வீட்டில் இருந்தால் புரட்டிப் பாருங்கள். பாத்திரத்தில் வெட்டியிருந்தாலும் இருக்கும்.

மலைக்கோட்டை 125

ஐயா, பாத்திரம்தான்! தாத்தாவுக்கு அந்த வீட்டில் கொடுத்த தூக்குச்சட்டி அம்மாவிடம் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தோம், விளிம்புக்குக் கீழே நாலு எழுத்து தெரிகிறது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பள்ளத்தூர்வாசி

அந்த நாலு எழுத்தையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம். ராயவரத்தில் என் மச்சான் பால் ஊற்றுகிறார், எந்த வீடு, யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வைக்கச் சொல்கிறேன். நீங்கள் வரும் தேதியைச் சொல்லுங்கள். தூக்குச்சட்டியையும் எடுத்து வாருங்கள்.