இன்வெர்ட்டர் ஏசிக்கு வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டுமா?

கேள்வி:
1.5 டன் ஸ்பிளிட், ஆர்32 கேஸ். கூலிங் குறைந்துவிட்டது, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடுகிறது, கரண்ட் பில்லும் ஏறுகிறது. சர்வீசுக்கு வந்தவர் "கேஸ் டாப்-அப் செய்தால் போதும், வருடத்துக்கு ஒருமுறை இது சகஜம்" என்கிறார். உண்மையா?

பதில் 1:
சகஜமே இல்லை. கேஸ் மூடிய பைப்புக்குள்ளேயே சுற்றி வருவது, ஓட ஓடத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது.

முதலில் குறை கேஸில்தானா என்று பாருங்கள். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். கதவை மூடி, 16 டிகிரி, ஃபேன் ஹையில் வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். இண்டோர் யூனிட்டின் மேலே காற்று நுழையும் இடத்திலும், கீழே குளிர்காற்று வரும் வாயிலும் தெர்மாமீட்டர் வைத்து அளங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்து, காற்றும் வேகமாக வந்தால் கேஸைத் தொட வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமென்றால் 8-ஐ ஒட்டித்தான் வரும், அது குறையில்லை.

பதில் 2:
காற்றின் வேகம்தான் பலர் கவனிக்காத விஷயம். டார்ச் அடித்து வாய்க்குள் தெரியும் உருளை புளோயரைப் பாருங்கள். அதன் இதழ்களின் குழியில் அழுக்கு அப்பியிருந்தால் ஃபில்டரை எத்தனை முறை கழுவினாலும் காற்று வராது. அப்போது காயில் (உள்ளே கேஸ் ஓடும் பைப் சுருள்) முழுக்க ஐஸ் கட்டும். கத்தியால் சுரண்டாதீர்கள், காயில் ஓட்டையாகிவிடும். ஃபேன் மோடில் விட்டால் தானே உருகும்.

அவுட்டோர் காயிலையும் விடாதீர்கள். அதில் தூசி படிந்தால் சூடு வெளியேறாது, கம்ப்ரசர் அதிக ஆம்பியர் இழுக்கும். பிரேக்கரை அணைத்துவிட்டு, மெதுவான தண்ணீரைத் தகடுகளின் வாக்கிலேயே விடுங்கள். பிரஷர் பம்ப் தகடுகளை மடக்கிவிடும்.

கேட்டவர்:
ஃபில்டர், புளோயர், அவுட்டோர் காயில் எல்லாம் சுத்தம். வித்தியாசம் 5 டிகிரிதான். காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளையாக உறைகிறது, அவுட்டோர் வால்வில் மெல்லிய பைப்பும் உறைந்திருக்கிறது.

பதில் 3:
இது கேஸ் குறைவின் அடையாளம். ஆனால் லீக்கை அடைக்காமல் நிரப்புவது வீண் செலவு. பெரும்பாலும் ஃபிளேர் நட் இணைப்புகளில்தான் (பைப்பின் வாயை விரித்து நட்டால் இறுக்கிய இடம்) கசியும். எண்ணெய்க் கறை தெரிகிறதா பாருங்கள், சோப்பு நுரை தடவுங்கள். அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜனை ஏற்ற விடவே கூடாது, கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

ஃபிளேர் கசிந்தால் நட்டை அளவுக்கு மீறி முறுக்குவதில் பயனில்லை. வாய் விரிசல் விட்டிருந்தால், வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். கால் இன்ச் நட்டுக்கு 14–18 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) போதும்.

அடைத்தபின் வாக்குவம் பம்ப் போட்டு, பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்தி, அளவு ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு யூனிட்டின் லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி, தராசில் சிலிண்டரை வைத்து ஏற்ற வேண்டும். இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகத்துக்குத் தக்கபடி பிரஷர் மாறும், ஆகவே பிரஷர் கேஜை மட்டும் பார்த்து நிரப்புபவரை நம்பாதீர்கள். ஆர்32 தீப்பற்றக்கூடியது, கேஸ் உள்ளே இருக்கும்போது பைப்பில் பற்றவைப்பு வேலை கூடாது.

தராசும் வாக்குவம் பம்பும் கொண்டுவருவாரா என்று போனிலேயே கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.