கொரோனா வந்தப்ப தோல்ல உங்களுக்கு என்ன ஆச்சு? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். 2020 ஏப்ரல் கடைசி. பையனுக்கு அப்ப 13 வயசு. ஒரு நாள் காலைல "அம்மா, என் விரல பாரேன்"னு கால நீட்டுறான், ரெண்டு கால்லயும் விரல் நுனியெல்லாம் செவந்து, சிலது ஊதா கலருக்கே போயி, உப்பிப் போயி இருக்கு. ஷூ கடிச்சிருக்கும்னு தான் மொதல்ல வாயில வந்துச்சு, அப்புறம் தான் உறைச்சுது, லாக்டவுன்ல ஒரு மாசமா அவன் செருப்பே போடலியே! காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, தொட்டா வலி, ராத்திரி ஆனா அரிப்பு. மூணு வாரம் முன்னாடி அவங்கப்பாவுக்கு நாலு நாள் இருமலும் வாசனை தெரியாமலும் இருந்துச்சு, அத யாரும் இதோட முடிச்சுப் போடல. வீடியோ கால்ல தோல் டாக்டர் பாத்துட்டு, ஸ்பெயின், இத்தாலி பக்கமெல்லாம் இப்படி பசங்க நெறைய வர்றாங்க, கோவிட் டோ, அதாவது கோவிட் கால்விரல்னு சொல்றாங்க, கடுங்குளிர்ல விரல் வீங்குற மாதிரியே இருக்கும்னார். டெஸ்ட் எடுத்தா நெகட்டிவ்! இந்த விரல் கேஸ்ல பாதிக்கு மேல அப்படித்தான் வருதாம், அதனாலயே இது வைரஸ் பண்ற வேலை தானானு டாக்டருங்களுக்குள்ளயே இன்னும் சண்டை. அஞ்சு வாரத்துல தோல் உரிஞ்சு தானா சரியாயிடுச்சு.

---

அக்கா, எனக்கு காய்ச்சலுக்கு முன்னாடியே வந்துச்சு. காணாக்கடி. தொடை, முதுகு, கழுத்துனு தடிச்சுத் தடிச்சு, சோப்ப மாத்துனேன், பெட்ஷீட்ட மாத்துனேன், ஒண்ணும் கேக்கல. ஒரு தடிப்ப சுத்தி பேனாவால வட்டம் போட்டு வெச்சேன், மூணு மணி நேரம் கழிச்சுப் பாத்தா வட்டம் காலி, நாலு விரல் தள்ளி புதுசா ஒண்ணு நிக்குது. மூணாவது நாள் காய்ச்சல், டெஸ்ட்ல பாசிட்டிவ். செட்ரிசின் போட்டு ஒரு வாரத்துல அடங்குச்சு. டாக்டர் மொதல்ல கேட்டதே "புதுசா என்ன மாத்திரை போட்டீங்க"னு தான், ஏன்னா கொரோனாவுக்குப் போடுற மாத்திரையே ஒத்துக்காம தடிப்பு வரலாமாம். 2020ல ஸ்பெயின்ல 375 பேர பாத்து எழுதுன ஆய்வுல நூத்துக்கு 19 பேருக்கு காணாக்கடி, 47 பேருக்கு தட்டம்மை மாதிரி செவப்புப் புள்ளினு இருந்துச்சு. அது தோல்ல எதாவது வந்தவங்கள மட்டும் எடுத்த கணக்கு, கொரோனா வந்த எல்லாருக்கும்னு நெனச்சுக்காதீங்க.

---

எங்க மாமாவுக்கு நெஞ்சுல முதுகுல சின்னச் சின்ன நீர்க் கொப்புளம். அம்மை தான்னு முடிவு பண்ணி தனி ரூம்ல படுக்க வெச்சுட்டோம். நாலு நாள் கழிச்சு தான் கொரோனானு தெரிஞ்சுது, நல்லவேளை குவாரன்டைன் ஏற்கனவே நடந்துட்டு இருந்துச்சு 😀

---

சிரிக்கிற இடத்துல இத எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க. என் பொண்ணுக்கு 7 வயசு. வீட்ல எல்லாருக்கும் லேசா வந்து போயி ஒரு மாசம் ஆயிருந்துச்சு, மறந்தே போயிட்டோம். திடீர்னு காய்ச்சல், மூணு நாளாச்சு எறங்கவே இல்ல, வயித்துவலி, வயிறு முழுக்க செவப்பா திட்டுத் திட்டா, கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்திருக்கு ஆனா பீளை இல்ல, உதடு வெடிச்சு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி இருக்கு. மொதல்ல பாத்த எடத்துல சாதா வைரல் ஃபீவர், வேர்க்குருனு சொல்லி அனுப்பிட்டாங்க. மறுநாள் அவளால நிக்கவே முடியல, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். அங்க இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்து, ரத்தம் பாத்து, எம்.ஐ.எஸ்.சின்னாங்க, கொரோனா போன ரெண்டுலேர்ந்து ஆறு வாரத்துல கொழந்தைங்களுக்கு வர்றது, இதயத்தையே பாதிக்கும்னாங்க. இம்யூனோகுளோபுலின்னு எதிர்ப்புச் சக்திப் புரதம், ஸ்டீராய்டு ரெண்டும் ஏத்துனாங்க. இப்ப நல்லா இருக்கா. விரல் வீக்கம், காணாக்கடியெல்லாம் வேற கதைங்க, காய்ச்சலோட கண்ணும் உதடும் செவந்தா ஒரு நாள் கூட வீட்ல வெச்சுப் பாக்காதீங்க.

---

அக்கா, உங்க பொண்ணு நல்லா இருக்கட்டும். எனக்கு முடி தான். எல்லாம் சரியாயி மூணு மாசம் கழிச்சு, சீப்புல கொத்துக் கொத்தா. சாதாரணமா ஒரு நாளைக்கு 50லேர்ந்து 100 முடி கொட்டுமாம், நான் எண்ணறதயே விட்டுட்டேன். கடுமையான காய்ச்சல் வந்தா நெறைய முடி ஒரே நேரத்துல வளர்றத நிறுத்திட்டு, ரெண்டு மூணு மாசம் கழிச்சு சேந்து கொட்டுமாம். ஆறு மாசத்துல நெத்தியோரம் குட்டி முடி முள்ளு மாதிரி நின்னுச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு தடவித் தடவி பாத்தேன். நகத்துலயும் குறுக்கால ஒரு பள்ளம் விழுந்து நகம் வளர வளர மெல்ல நகந்து போச்சு, விரல் நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர் தானே, பொறுமை வேணும்.

---

மறுபடி நான் தான், விரல் வீங்குன பையனோட அம்மா. இன்னொருத்தர் தனியா கேட்டிருந்தாங்க, எத வெச்சு பயப்படணும்னு. எங்க டாக்டர் சொன்னது: கண்ணாடி டம்ளர வெச்சு அழுத்திப் பாருங்க, செவப்பு மறையாம அப்படியே இருந்தா, இல்ல வலை பின்னுன மாதிரி ஊதாவா படர்ந்தா உடனே போங்க. அப்புறம் காணாக்கடிக்காரங்க தடிப்பு இருக்கும்போதே பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, நம்ம டர்ன் வர்றதுக்குள்ள அது காணாமப் போயிடும்.