ரிடென்ஷன் மணி: 'தங்குதொகை' எனலாமா?

வணக்கம்.

கட்டுமான ஒப்பந்தங்களில் வரும் 'ரிடென்ஷன் மணி'க்குத் தமிழ்ச் சொல்லாகப் 'பிடித்தத் தொகை' போதும் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நான் சென்னையில் பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் ஒரு நிறுவனத்தில் பகுதிநேரக் கணக்கராக இருக்கிறேன். ஜி.எஸ்.டி. நீங்கலாக 10 லட்ச ரூபாய்க்கு ஓர் ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்) போடுகிறோம் என்று வையுங்கள். ஒப்பந்தப்படி 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாயைக் கட்டட உரிமையாளர் தன்னிடமே வைத்துக்கொள்வார். இதுதான் ரிடென்ஷன். கூடவே டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி, 2 சதவீதம், 20,000 ரூபாய் கழியும். பேச்சில் இரண்டுமே 'பிடித்தம்'தான். ஆனால் அந்த 20,000 அரசுக்குப் போய் நம் பான் எண்ணில் வரவாகிறது. வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். 50,000 உரிமையாளரிடமே இருந்து, பிறகு நமக்கு வரவேண்டிய பணம். நான் வராத நாளில் வேறொருவர் லெட்ஜரைத் திறந்து 'பிடித்தம் 70,000' என்று பார்த்தால், எதை யாரிடம் கேட்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சீரமைப்பு வேலையில் இந்தப் பணத்துக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும். பூச்சு சரியாகப் பிடித்ததா, சுவரில் உப்புப் பூக்கிறதா, மெட்ராஸ் டெரஸ் எனும் பழைய செங்கல், சுண்ணாம்புக் கூரைத்தளம் ஒழுகுகிறதா என்பதெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்தால்தான் தெரியும். அதனால் ஒரு மழைக்காலமாவது தாண்டட்டும் என்று உரிமையாளர் கேட்பது நியாயம்தான். கட்டுமான ஒப்பந்தங்களுக்கான கணக்கியல் தரநிலை 7-உம் ரிடென்ஷனை இப்படித்தான் வரையறுக்கிறது: பில் போட்ட தொகையில், நிபந்தனை நிறைவேறும் வரையோ குறைகள் சரிசெய்யப்படும் வரையோ தரப்படாமல் இருக்கும் பகுதி. இதைத் தனியே காட்டவும் சொல்கிறது.

மற்ற பரிந்துரைகளையும் பார்த்தேன். 'நிறுத்திவைப்பு' என்றால் ஏதோ தகராறு என்று தோன்றும். பில்லை நிறுத்திவைத்துவிட்டார்கள் என்றால் வேலையில் குற்றம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் எங்கள் தளத்தில் அர்த்தம். 'பிணைத்தொகை', 'காப்புத்தொகை' இரண்டும் டெண்டருக்கு நாம் கையிலிருந்து கட்டும் வைப்புத்தொகைக்குப் பழகிவிட்டன. 'நிலுவை' கூடவே கூடாது. நிலுவைப் பட்டியலில் ஏறினால் வசூலுக்குப் போகிறவர் தவணை வருவதற்கு முன்பே உரிமையாளருக்கு போன் போட்டுவிடுவார்.

என் பரிந்துரை 'தங்குதொகை'. வளர்பிறை, ஊறுகாய் போல வினைத்தொகை. தங்கிய, தங்குகின்ற, தங்கும் தொகை என மூன்று காலத்துக்கும் பொருந்தும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிடித்தம், நிறுத்திவைப்பு எல்லாம் பணத்தை வைத்திருப்பவர் செய்யும் செயலைச் சொல்கின்றன. தங்குதொகை பணத்தின் நிலையைச் சொல்கிறது. நாங்களும் வாட்டர் ப்ரூஃபிங் துணை ஒப்பந்தக்காரரின் பில்லில் இப்படி வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அப்போது 'வரவேண்டிய தங்குதொகை', 'தரவேண்டிய தங்குதொகை' என்று ஏட்டின் இரண்டு பக்கமும் ஒரே சொல்லால் எழுதலாம். பணம் திரும்பி வருவது 'தங்குதொகை விடுவிப்பு'. அதற்கு முன் குறைகளைச் சரிசெய்யும் காலத்தைக் 'குறைநீக்கக் காலம்' எனலாம்.

லாட்ஜ் வாடகை என்று நினைத்துக்கொள்வார்களே என ஒரு நண்பர் கேட்டார். அதற்குத் தங்கும் கட்டணம், அறை வாடகை என்ற சொற்கள் இருக்கின்றன. கட்டணம் வேறு, தொகை வேறு என்பது எல்லாருக்கும் பழக்கம்தான். இதனால் குழப்பம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

இலங்கையில் உயர்தர வகுப்பில் கணக்கீட்டைத் தமிழிலேயே படிக்கிறார்கள். அங்கே கட்டுமான ஒப்பந்தக் கணக்குகளில் இதற்குப் புழங்கும் சொல்லை அங்குள்ள நண்பர்கள் எழுதினால், கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.