ஸ்டைலஸ் ஓரிடம், கோடு வேறிடம்: விமர்சனம் எழுதும் முன் ஒரு சந்தேகம்

கைக்கருவி:
வணக்கம். நின்டெண்டோ டி.எஸ். என்ற இரு திரைக் கையடக்க விளையாட்டுக் கருவிக்காக ஆர்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிய ஹோம்ப்ரூ விளையாட்டுகளையும் செயலிகளையும் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்து விமர்சனம் எழுதி வருகிறேன். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதில் மாட்டிக்கொண்டேன்.

அது ஒரு புதிர் விளையாட்டு. கீழ்த் திரையில் புள்ளிகளை ஸ்டைலஸால் (தொடுதிரைக் குச்சியால்) இணைத்து, பந்து உருண்டு போகப் பாதை போட வேண்டும். அருமையான யோசனை. ஆனால் நான் தொடும் இடத்தில் கோடு விழுவதில்லை. இடது மேல் மூலையில் சரியாக இருக்கிறது. வலப்பக்கம் போகப் போக விலகி, வலது கீழ் மூலையில் கிட்டத்தட்ட 10 பிக்சல் தள்ளி விழுகிறது. திரையே 256க்கு 192 பிக்சல்தான். ஏழாவது கட்டத்தில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் அதைத் தாண்டவே முடியவில்லை.

இன்னொன்று, முடித்த கட்டங்களை அது சேமிப்பதும் இல்லை. அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

என்னிடம் இருப்பது டி.எஸ். லைட், ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். "தொடுதல் மோசம்" என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாமா? காசு எதிர்பார்க்காமல் ஒருவர் உழைத்துக் கொடுத்தது இது. என் கருவியின் குறையை அவர் தலையில் கட்டிவிடக் கூடாது என்று தயக்கமாக இருக்கிறது.

இருதிரை:
தயங்கியது நல்லது, நண்பரே. முதலில் கருவியைப் பாருங்கள்.

டி.எஸ். திரை இன்றைய போன் திரை மாதிரி விரலின் மின்னூட்டத்தை உணர்வதில்லை. மேலே வளையும் ஓர் அடுக்கு, கீழே இன்னோர் அடுக்கு, நடுவில் மெல்லிய இடைவெளி. அழுத்தும்போது இரண்டும் ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தின் மின்னழுத்தத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இந்த அளவு கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். அதனால்தான் அமைப்புகளில் தொடுதிரை கேலிபரேஷன், அதாவது தொட்ட இடத்தைத் திரையோடு பொருத்திச் சரிசெய்வது, என்று ஒன்று இருக்கிறது. அது காட்டும் குறிகளின் நடுவில் ஸ்டைலஸ் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். நகத்தால் வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று: திரைக்குப் பாதுகாப்புத் தாள் ஒட்டியிருக்கிறீர்களா? அதன் ஓரம் சட்டத்துக்கு அடியில் நுழைந்திருந்தால் அந்த இடத்தை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அப்புறம் எத்தனை முறை கேலிபரேட் செய்தாலும் உருப்படாது. ஒரே நேரத்தில் இரண்டு இடம் அழுந்தினால் இந்த வகைத் திரை நடுவில் ஏதோ ஓர் இடத்தைத்தான் சொல்லும்.

இதெல்லாம் முடிந்ததும், 2007இல் வந்த கலர்ஸ் ஓவியச் செயலியைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைத் திரைமேல் படாமல் சற்றுத் தூக்கிப் பிடித்து, குறுக்காக மெதுவாக ஒரு கோடு போடுங்கள். அது அழுத்தத்தைக்கூட உணரும் செயலி, பொய் சொல்லாது. கோடு நெளிந்தால் அடுக்குகளுக்கு நடுவே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. நேராக வந்தால் திரை நலம்.

கைக்கருவி:
நீங்கள் சொன்னதேதான்! தாளின் வலது ஓரம் சட்டத்துக்கு அடியில் நுழைந்திருந்தது. எடுத்துவிட்டு கேலிபரேட் செய்தேன். கலர்ஸில் கோடு நூல் பிடித்த மாதிரி வருகிறது. மற்ற விளையாட்டுகளிலும் இரண்டு மூன்று பிக்சல் விலகல் இருந்திருக்கிறது போல, இப்போது தொட்ட இடத்தில் பட்டென்று பதிகிறது.

ஆனால் இந்தப் புதிர் விளையாட்டில் மட்டும் பெரிய மாற்றமில்லை. சரி, ஒரு சோதனை செய்வோம் என்று வேண்டுமென்றே தப்பாகக் கேலிபரேட் செய்து பார்த்தேன். மற்றவை எல்லாம் குழம்பின. இது மட்டும் அசையவே இல்லை. அதே மூலை, அதே விலகல்.

மூலநிரல்:
அசையவில்லை என்பதிலேயே பதில் இருக்கிறது. நல்ல சோதனை.

தொடுதிரைச் சில்லு தருவது பிக்சல் கணக்கு இல்லை. 0 முதல் 4095 வரையிலான ஒரு கச்சா எண். கருவியில் சேமித்த கேலிபரேஷனை வைத்து அதைப் பிக்சலாக மாற்ற வேண்டும். ஹோம்ப்ரூ எழுதுபவர்கள் பயன்படுத்தும் லிப்என்டிஎஸ் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) கச்சா எண், பிக்சல் எண் இரண்டையுமே கொடுக்கும். உங்கள் விளையாட்டை எழுதியவர் கச்சா எண்ணை எடுத்து, தன் கருவியில் பார்த்த மதிப்புகளை வைத்துத் தானே கணக்குப் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் கையில் அது கச்சிதமாக வேலை செய்திருக்கும். அவர் கவனக்குறைவானவர் என்று இதற்கு அர்த்தமில்லை. சோதிக்க அவரிடம் ஒரே ஒரு கருவி இருந்திருக்கும்.

உறுதி செய்ய, கணினியில் டி.எஸ். போலவே இயங்கும் மெலன்டிஎஸ் எமுலேட்டரில் ஓட்டுங்கள். அங்கே தாளும் இல்லை, தேய்மானமும் இல்லை. அங்கேயும் விலகினால், அதுவும் வேறு அளவில் விலகினால், குறை நிரலில்தான். ஜிப் கோப்பில் மூலநிரல் இருக்கிறதா?

பிக்சல்:
சேமிப்புப் பிரச்சினை தனி. மெமரி கார்டில் எழுத, அதைச் செருகி டி.எஸ்.ஸில் போடும் ஒவ்வொரு ஃபிளாஷ் கார்டுக்கும் அதற்குரிய டிரைவர் (அதை இயக்கும் சிறு நிரல்) வேண்டும். அதை விளையாட்டுக் கோப்பில் ஒட்டுவதுதான் டி.எல்.டி.ஐ. பேட்ச். பல கார்டுகள் தாமாகவே ஒட்டிவிடும். உங்கள் கார்டில் வேறு ஹோம்ப்ரூ ஏதாவது சேமிக்கிறதென்றால் டிரைவரில் குறையில்லை. அப்போது கோப்புறையைப் பாருங்கள். பழைய ஹோம்ப்ரூ பலவும் ஒரு குறிப்பிட்ட கோப்புறை கார்டின் முதல் நிலையில்தான் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. எமுலேட்டரிலும் டி.எல்.டி.ஐ. அமைப்பை இயக்கினால்தான் சேமிக்கும்.

கைக்கருவி:
மூன்று பேருக்கும் மிக்க நன்றி. எமுலேட்டரில் விலகுகிறது, ஆனால் எதிர்த் திசையில். மூலநிரல் ஜிப்பிலேயே இருந்தது. மூலநிரல் அண்ணா சொன்ன மாதிரியே கச்சா எண்ணைக் கழித்து வகுக்கும் இரண்டு வரிகள். பிக்சல் எண்ணை எடுக்கும்படி மாற்றி, நிரலை டி.எஸ்.ஸில் ஓடும் கோப்பாக மாற்றும் தேவ்கிட்ஆர்மில் மறுபடி தொகுத்தேன். ஏழாவது கட்டத்தை முதல் முயற்சியிலேயே தாண்டினேன். பதினான்காவது வரை வந்துவிட்டேன், எட்டாவதுக்கு அப்புறம்தான் விளையாட்டின் உண்மையான அழகே தெரிகிறது.

சேமிக்காதது முழுக்க என் தவறு. ஒழுங்காக அடுக்குகிறேன் என்று தரவுக் கோப்புறையை வேறு கோப்புறைக்குள் போட்டிருந்தேன். முதல் நிலையில் வை என்று விளையாட்டோடு வந்த குறிப்புக் கோப்பில் தெளிவாக எழுதியிருக்கிறது.

இப்போது எந்தப் பதிப்பை மதிப்பிடுவது?

இருதிரை:
வாசகர் கைக்குக் கிடைப்பது மூலப் பதிப்புதான். அதையே மதிப்பிடுங்கள், அவர்களும் ஏழாவது கட்டத்தில்தான் நிற்பார்கள்.

மூலநிரல்:
நான் அப்படி நினைக்கவில்லை. திரையைப் பொறுத்து விலகல் மாறும். இன்னொருவர் கருவியில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். "தொடுதல் மோசம்" என்று மட்டும் எழுதினால் அது தவறான தகவல். எந்தக் கருவி, எவ்வளவு விலகல், ஏன் என்று எழுதுங்கள். திருத்திய கோப்பை வெளியிடும் முன் உரிமக் குறிப்பைப் பாருங்கள். குறிப்பே இல்லையென்றால் அந்த இரண்டு வரிகளை ஆசிரியருக்கு அனுப்புங்கள், அவரே வெளியிடட்டும்.

கைக்கருவி:
உரிமக் குறிப்பு இல்லை, மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. இன்றிரவே எழுதுகிறேன். விமர்சனத்தில் மதிப்பெண் மூலப் பதிப்புக்கு; விலகலின் காரணமும் கருவி விவரமும் அதன் கீழேயே வரும்.

முந்தைய பதினொன்றில் இரண்டு விமர்சனங்களில் "தொடுதல் துல்லியமில்லை" என்று எழுதியிருக்கிறேன். அவை அந்தத் தாள் ஒட்டியிருந்தபோது ஆடியவை. அவற்றை மறுபடி ஆடிப் பார்த்துவிட்டுத்தான் பன்னிரண்டாவதை வெளியிடுவேன்.