அரத்தால் ராவினால் நடுவில் மேடு விழுகிறது, கோளாறு அரத்திலா கையிலா?

மாடிப்பட்டறை:
வணக்கம். வீட்டுத் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்ட 12 மி.மீ. எம்.எஸ். (சாதா மென் இரும்பு) பிளேட்டில் ஒரு பிராக்கெட் செய்துகொண்டிருக்கிறேன். வெல்டிங் கடையில் கேஸ் கட்டிங்கில் வெட்டி வாங்கிய துண்டு. விளிம்பைச் சமப்படுத்த புதிதாக 10 இன்ச் பிளாட் அரம் ஒன்று வாங்கினேன், பாஸ்டர்டு, அதாவது பெரும்பல் ரகம். மூன்று நாளாக ராவுகிறேன், மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் நடுவில் ஒட்டி நிற்கிறது, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிகிறது. அதோடு அரமும் இப்போதே வழுக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று, அடியில் வைக்க ஒரு அலுமினியத் துண்டையும் இதே அரத்தால் ராவினேன், கோடு கோடாக ஆழமாகக் கீறிவிட்டது. மட்டமான அரத்தைத் தலையில் கட்டிவிட்டார்களா, இல்லை என் கைதான் சரியில்லையா?

பழைய பிட்டர்:
தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன், அந்த அரத்துக்குக் கைப்பிடி போட்டிருக்கிறீர்களா? கடையில் பெரும்பாலும் அரத்தை மட்டும்தான் தருவார்கள், கைப்பிடி தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கைப்பிடி சொருகும் கூர்முனைக்கு வால் என்று பெயர், வெறும் வாலைப் பிடித்து ராவாதீர்கள். ஐடிஐயில் என்னோடு படித்த பையனுக்கு அரம் வேலையில் முட்டி நின்று, வால் உள்ளங்கையில் இறங்கி மூன்று தையல் போட்டார்கள்.

மேடு விழுவது கைக்கோளாறுதான், எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் வரும். இரண்டு கையாலும் ஒரே அழுத்தம் கொடுத்துத் தள்ளினால் அரம் சீசா பலகை மாதிரி மேலும் கீழும் ஆடும். தள்ள ஆரம்பிக்கும்போது நுனியைப் பிடித்திருக்கும் இடது கையில் அழுத்தம் அதிகம் இருக்க வேண்டும், பாதி தூரத்தில் இரண்டும் சமம், முடியும்போது கைப்பிடிப் பக்கம் அதிகம். எழுதினால் சுலபம், கைக்குப் பழக நாளாகும், எங்களை வாரக்கணக்கில் ஒரே இரும்புக் கட்டியை ராவ விட்டார்கள். வேலைத்துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தலை உங்கள் முழங்கை உயரத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உயரம் சரியில்லாவிட்டால் தோள்தான் ஆடும், அரம் மட்டமாகப் போகாது.

பற்கள் முன்னால் சாய்ந்திருக்கும், தள்ளும்போதுதான் வெட்டும். திரும்பி வரும்போது அழுத்தாமல் லேசாக விட்டு எடுங்கள், அழுத்தி இழுத்தால் பல் மழுங்கும். ஒரு பக்கம் சாய்வாகப் பத்து தடவை, மறுபக்கம் சாய்வாகப் பத்து தடவை என்று மாற்றி மாற்றி ராவுங்கள். புதுக் கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் மேடு, பார்த்தாலே தெரிந்துவிடும்.

அரம் வழுக்குவதற்கு வேறு காரணம் இருக்கிறது. கேஸில் வெட்டிய விளிம்பில் கறுப்பாகத் தோல் மாதிரி ஒன்று இருக்குமே, அது உள்ளே இருக்கும் இரும்பைவிடக் கடினம். புது அரத்தை நேராக அதில் வைத்தால் ஒரே நாளில் மொட்டையாகிவிடும். அந்தத் தோலை கிரைண்டரில் எடுத்துவிட்டு, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகுதான் அரத்தை எடுக்க வேண்டும். கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

ஸ்பீடு ராஜா:
கிரைண்டர் எடுத்த கையோடு பிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) போட்டு முடித்துவிட்டுப் போகாமல் எதற்கு இந்த யோகாசனம்?

பழைய பிட்டர்:
தம்பி ராஜா, பிளாப் டிஸ்க்கில் முடித்த விளிம்பில் மட்டத்தை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நிறைய எடுக்க கிரைண்டர்தான், நானும் அதைத்தானே மேலே சொன்னேன். கடைசியாகப் பொருத்தும்போது முடியளவு எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு கிரைண்டரை வைத்தால் பள்ளம் விழுந்துவிடும்.

திண்டுக்கல் பூட்டு:
அலுமினியம் பற்றி யாரும் சொல்லவில்லை. கோடு விழுந்தது அரத்தின் குற்றமில்லை அண்ணா, பல்லுக்கு நடுவே அலுமினியத் தூள் சிக்கி உருண்டையாகிவிடும், அந்த உருண்டைதான் கீறுகிறது. ராவும் முன்னால் சாக்பீஸை அரத்தின் மேல் நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், தூள் அவ்வளவாக ஒட்டாது. சிக்கியதை எடுக்க கம்பி பிரஷ்ஷை பல் வரிசை போகும் திசையிலேயே ஓட்டுங்கள், குறுக்கே தேய்க்க வேண்டாம். அப்படியும் வராத உருண்டையை ஒரு பித்தளைத் தகட்டின் விளிம்பை வைத்து அதே வரிசையில் தள்ளினால் கழன்று விழும்.

நாங்கள் பூட்டுக்குச் சாவி ராவும் ஆட்கள், பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது அரம் முதலில் பித்தளைக்கு, கூர் கொஞ்சம் குறைந்ததும் இரும்புக்கு. இரும்பு பார்த்த அரம் பித்தளையில் வழுக்கும், பிறகு அதைத் திருப்பிக்கொண்டு வர முடியாது. ஆகவே அலுமினியத்துக்குத் தனி அரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அரங்களை ஒரே டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள், பல்லோடு பல் உரசியே பாதி உயிர் போய்விடும். நான் ஒவ்வொன்றையும் பழைய சைக்கிள் டியூப் துண்டில் சொருகி வைக்கிறேன்.

மாடிப்பட்டறை:
எல்லோருக்கும் நன்றி. கைப்பிடி இல்லாமல்தான் ராவினேன், துணி சுற்றிக்கொண்டு. மறுநாளே வாங்கிப் போட்டுவிட்டேன். வைஸுக்கு அடியில் பலகை கொடுத்து உயர்த்தினேன், தோலை கிரைண்டரில் எடுத்தேன், சாய்வாக மாற்றி மாற்றி ராவினேன். நடுவில் இருந்த மேடு முக்கால்வாசி போய்விட்டது, இடது ஓரத்தில் மட்டும் இன்னும் ஒரு கீற்று வெளிச்சம். கடைசியாக வழவழப்பாக்க ஸ்மூத் (பொடிப்பல்) அரம் வாங்க வேண்டுமா, இதுவே போதுமா?

பழைய பிட்டர்:
நேராக ஸ்மூத்துக்குப் போகாதீர்கள், பாஸ்டர்டு போட்ட கோட்டை அது அழிப்பதற்குள் விடிந்துவிடும். இரண்டுக்கும் நடுத்தரப் பல் உள்ள செகண்ட் கட் ஒன்று போதும். வாங்கும்போது நீளத்தையும் பாருங்கள், பெயர் ஒன்றாக இருந்தாலும் 12 இன்ச் அரத்தின் பல் பெரிது, 6 இன்ச்சின் பல் பொடிசு. உங்களுக்கு 8 இன்ச் சரி. கடைசியில் அரத்தின் இரண்டு முனையையும் பிடித்து, விளிம்புக்குக் குறுக்காகப் படுக்கவைத்து விளிம்பின் நீளவாக்கில் லேசாக இழுத்துத் தள்ளுங்கள், கோடெல்லாம் ஒரே திசையில் படிந்துவிடும்.

கரிமூட்டம்:
மழுங்கிய அந்த 10 இன்ச்சைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல கார்பன் எஃகு, கொல்லுப்பட்டறையில் கொடுத்தால் காய்ச்சி அடித்து உளியோ கத்தியோ ஆக்கித் தருவார்கள். ஆனால் அப்படியே நெம்புகோலாகப் பயன்படுத்தவோ சுத்தியலால் தட்டவோ வேண்டாம், கண்ணாடி மாதிரி பட்டென்று உடைந்து சில் தெறிக்கும்.

மாடிப்பட்டறை:
பெயின்ட் டப்பா மூடியை நேற்றுதான் அதை வைத்து நெம்பினேன்! நல்லவேளை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தேன்.