கேசட்டிலிருந்து எடுத்த எம்பி3 கோப்புகளை ஃபிளாக் ஆக்கினால் தரம் கூடுமா?

கெடிலக்கரையான்:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் தவில் வாசித்தவர். திருப்பாதிரிப்புலியூரிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் வாசித்த கோயில் கச்சேரிகளும் திருமணக் கச்சேரிகளும் 42 கேசட்டுகளில் இருக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் வீட்டு ஓடுகளைப் பெயர்த்தபோது, தகரப் பெட்டிக்குள் இருந்ததால் அவை தப்பின. அந்த அச்சத்தில் மறு ஆண்டே ஒரு கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 கோப்புகளாக மாற்றி வாங்கினேன். இப்போது நல்ல ஹெட்போனில் கேட்டால் ஒலி தேய்ந்திருப்பது தெரிகிறது. ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினால் தரம் கூடிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மாற்றியபின் பழைய எம்பி3 கோப்புகளை அழித்துவிடலாமா?

வில்லியனூர் வாசி:
தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். எம்பி3 என்பது இழப்புள்ள சுருக்கம். குறுந்தட்டின் (சிடி) தரத்தில் ஒரு நொடிக்கு ஒலி அலையை அளந்தெடுத்த 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு தடங்கள் என்று கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் ஆகிறது. அதை 128 ஆக்கியபோது, காது கவனிக்காது என்று மென்பொருள் கருதிய பகுதிகளெல்லாம் நீக்கப்பட்டுவிட்டன. ஃபிளாக் இழப்பற்ற சுருக்கம். தன்னிடம் கொடுத்ததை ஒரு பிட் கூட மாறாமல் வைத்துக்கொள்ளும். நீங்கள் கொடுக்கப்போவதோ ஏற்கெனவே தேய்ந்த ஒலி. கோப்பு பல மடங்கு பெருகுமே தவிர, போனது திரும்பாது. கறந்த பால் மடி புகாது. உங்களிடம் கேசட்டுகள் இன்னும் இருக்கின்றன என்பதே பெரும் பேறு. அவற்றிலிருந்து புதிதாகப் பதிவெடுத்து, அந்தப் பதிவை ஃபிளாக்கில் வையுங்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
எம்பி3 கோப்பை ஃபிளாக் ஆக்குவது வீண் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கேசட்டுகளை மறுபடி ஓட்டுங்கள் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. கேசட்டை வேகமாக ஓட்டிப் பதிவெடுத்தால் தரம் கெடும். ஆகவே ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். 42 கேசட்டுகளுக்கு 42 மணி நேரம். வேலைக்குப் போகும் ஒருவரால் இது எத்தனை மாதத்தில் முடியும்? சாதாரணக் கேசட்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இருப்பதில்லை. அதை இழப்பற்ற வடிவத்தில் சேமிப்பது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுவதுபோல. எல்லாவற்றையும் 320 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றி ஒரே சீராக வைத்துவிட்டால், காரிலும் பழைய ஒலிபெருக்கிப் பெட்டியிலும் உறவினர் கைப்பேசியிலும் தடையின்றிப் பாடும். குடும்பத்தார் எடுத்துக் கேட்கிற பதிவுதான் அழியாமல் நிற்கும். பெட்டிக்குள் பூட்டிய பெரிய கோப்பை யாரும் தேட மாட்டார்கள்.

வில்லியனூர் வாசி:
"எல்லாவற்றையும் 320 ஆக மாற்றி" என்ற இடத்தில்தான் எனக்குக் கவலை. 128 கோப்பை 320 ஆக்கும்போது மென்பொருள் அதை முதலில் விரித்து, மறுபடியும் இழப்புள்ள முறையில் சுருக்குகிறது. இது இரண்டாவது தேய்மானம். எண் பெரிதாகத் தெரிவதால் தரம் கூடியது என்று எண்ணுகிறோம். இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். என் தாயாரின் பஜனைப் பதிவுகளை எம்பி3 வடிவிலிருந்து இன்னோர் இழப்புள்ள வடிவமான ஏஏசி ஆக்கினேன், கைப்பேசி மாறியதும் மறுபடி எம்பி3 ஆக்கினேன், ஒவ்வொரு முறையும் முந்தையதை அழித்தேன். இன்று ஜால்ரா ஒலிக்கும் இடமெல்லாம் தண்ணீருக்குள் சில்லறையைக் குலுக்குவதுபோல் கேட்கிறது. மூலக் கேசட்டும் கையில் இல்லை.

கேசட்டில் உயர் அதிர்வெண் குறைவு என்பது உண்மை. ஆயினும் அதில் இரைச்சல் அதிகம். இரைச்சலுக்கு ஒழுங்கு இல்லாததால் சுருக்குவது கடினம். 128 கிலோபிட்டுக்குள் இரைச்சலும் இசையும் இடத்துக்குப் போட்டியிடும்போது இசை தோற்கிறது. அதற்கும் மேலாக, இங்கே பேசப்படுவது தவில். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக வெட்டிக் கையாள்கிறது. 44,100 வீதத்தில் ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லிநொடி. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் கூடு (விரலுறை) மாட்டிய விரல் விழும் அந்தக் கணத்தின் பிழை, சட்டம் முழுவதிலும் பரவி, அடி விழுவதற்கு முன்பே மெல்லிய கரகரப்பாகக் கேட்கும். இதைக் குறைக்க மென்பொருள் குறுகிய துண்டுகளுக்கு மாறும். அதற்கு அதிகப் பிட்டுகள் வேண்டும், 128 இல் அவை இருப்பதில்லை. ஒலி தேய்ந்திருக்கிறது என்று கெடிலக்கரையான் எழுதியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஃபிளாக் கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள் என்ற அச்சமும் இன்று வேண்டியதில்லை. 2001 முதல் உரிமக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும் வடிவம் அது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பல ஆண்டுகளாக அதை இயக்குகின்றன. ஐபோனும் 2017 முதல் இயக்குகிறது. சுருக்குவதற்கு முந்தைய ஒலியின் சரிபார்ப்பு எண்ணும் கோப்புக்குள்ளேயே இருப்பதால், 10 ஆண்டு கழித்து வன்தட்டில் பழுது நேர்ந்தாலும் எந்தக் கோப்பு கெட்டது என்று சோதித்து அறியலாம்.

மஞ்சக்குப்பம் டேப் ரிப்பேர்:
இருவரும் கோப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். 30 ஆண்டுகளாகக் கேசட் பிளேயர் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தரம் முதலில் போவது டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்காமல் ஓட்டினால் எந்த வடிவத்தில் சேமித்தும் பயனில்லை. ஹெட்டின் அலைன்மென்ட் பதிவு செய்த கருவியோடு ஒத்துப்போகாவிட்டால் நாகசுரம் கம்பளி போர்த்தியதுபோல் மங்கும். பக்கத்துத் திருகை ஒரு மயிரிழை திருப்பினால் ஒலி திறந்துகொள்ளும். பல கடைகள் ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்வதில்லை.

நம் ஊர் உப்புக் காற்றில் டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். அப்படி இருந்தால் ஓட்டாதீர்கள், மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். பதிவெடுக்கும்போது மிக உரத்த தவில் அடியும் உச்ச அளவுக்கு 6 டெசிபல் கீழே நிற்கட்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒரு மணி நேரத்துக்குச் சுருக்காமலே ஏறத்தாழ 1 ஜிபிதான் வரும்.

தேவனாம்பட்டினத்தான்:
128 கோப்பை 320 ஆக்கச் சொன்னது என் பிழை. அதைத் திரும்பப் பெறுகிறேன். 42 கேசட்டுகளும் 64 ஜிபி அட்டைக்குள் அடங்கிவிடும் என்பதால் இடத்தைப் பற்றிய தடையும் இல்லை. ஆனால் நேரத்தைப் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. முதலில் வேறெங்கும் கிடைக்காத கச்சேரிகளைப் பொறுக்கி எடுங்கள். கடையில் வாங்கிய கேசட்டுகள் இடையில் இருந்தால் அவற்றுக்கு உழைக்க வேண்டாம். பழைய எம்பி3 கோப்புகளும் கேட்பதற்கு இருக்கட்டும். அவற்றில் முன்பின் வெட்டவோ ஒலியளவைக் கூட்டவோ வேண்டுமானால், மறுசுருக்கம் செய்யாமல் சட்டங்களை அப்படியே வெட்டும் மென்பொருள்கள் உள்ளன. ஒலியளவையும் அவ்வாறே 1.5 டெசிபல் படிகளில் மாற்றலாம்.

வில்லியனூர் வாசி:
பொறுக்கி எடுப்பதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். எந்தக் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

கெடிலக்கரையான்:
பெரியவர்கள் அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பெட்டியைத் திறந்தேன். 3 கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறது. அவற்றைத் தனிப் பையில் இட்டு ஒதுக்கிவைத்தேன். ஹெட்டைத் துடைத்து, திருகைச் சற்றுத் திருப்பி, ஒரு திருமணக் கச்சேரியின் தனி ஆவர்த்தனத்தைப் பதிவெடுத்து, கடைக்காரர் கொடுத்த எம்பி3 கோப்பின் அலை வரைபடத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். பழைய கோப்பில் ஒவ்வொரு அடியின் உச்சியும் மட்டப்பலகை வைத்துச் சீவியதுபோல் தட்டையாக இருந்தது. கூடுதல் ஒலியளவில் பதிந்துவிட்டார்கள். புதிய பதிவில் உச்சிகள் முழுதாக இருக்கின்றன. அடிகளுக்கு இடையே தந்தையார் மூச்சு வாங்குவதும் முதன்முறையாகக் கேட்டது.

பூஞ்சை பிடித்த மூன்றைத் தவிர, வில்லியனூர் ஐயா சொன்னதுபோல் எந்தக் கேசட்டையும் ஒதுக்கப்போவதில்லை. இரவுக்கு 2 வீதம் ஓட்டினால் மீதி 38க்கு 19 இரவுகள்.