பேக்கப்பிலிருந்து ஃபைல்கள் திரும்ப வர ரொம்ப நேரமாகுது, உதவி தேவை

கேள்வி:
2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க்கில 640 ஜிபி பேக்கப் இருக்கு. விண்டோஸ் புதுசா போட்டதால எஸ்எஸ்டிக்குத் திரும்ப காப்பி பண்றேன். வீடியோ போகும்போது நொடிக்கு 38 எம்பி, அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. டாகுமென்ட்ஸ் வந்ததும் 1, 2 எம்பிக்கு இறங்கிடுது. போர்ட் நீல நிறம், யுஎஸ்பி 3தான். எங்க பார்க்கணும்?

பதில் 1:
38லயே நிக்குதுன்னா அது யுஎஸ்பி 2 வேகம். போர்ட்டை விடுங்க, கேபிளைப் பாருங்க. டிஸ்க்கில இருக்கிற அகலமான சாக்கெட் ரெண்டு பாகமா இருக்கும். பழைய போன் சார்ஜர் கேபிள் அதுல பெரிய பாகத்தில கச்சிதமா உட்கார்ந்துடும், வேலையும் செய்யும், ஆனா யுஎஸ்பி 2 வேகத்தில. சரியான கேபிளா இருந்தாலும் முழுசா உள்ளே போகலைன்னா இதேதான். நடுவில ஹப் இருந்தா கழட்டிடுங்க.

பதில் 2:
டாகுமென்ட்ஸ் விஷயம் வேற. சின்ன ஃபைல்னா எம்பி கணக்கு உதவாது. ஒவ்வொண்ணுக்கும் டிஸ்க்கோட ஹெட் நகரணும், ஆன்டிவைரஸும் திறந்து பார்க்கும். காப்பி போய்ச் சேருற ஃபோல்டரை மட்டும் தற்காலிகமா ஆன்டிவைரஸோட விலக்குப் பட்டியல்ல போடுங்க; முடிஞ்சதும் எடுத்துட்டு ஒரு முழு ஸ்கேன். எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலா ரோபோகாப்பி (விண்டோஸ்லயே இருக்கிற காப்பி கமாண்ட்) நல்லது. ஆனா /R (எத்தனை முறை திரும்ப முயற்சி), /W (நடுவில எத்தனை நொடி காத்திருப்பு) ரெண்டுக்கும் 1 கொடுங்க. ஒண்ணும் கொடுக்கலைன்னா, படிக்க முடியாத ஒரே ஃபைலை 30 நொடிக்கு ஒரு தடவைன்னு 10 லட்சம் முறை முயற்சி பண்ணும்!

கேட்டவர்:
போன் கேபிள்தாங்க! மாத்தினதும் வீடியோ 115 எம்பி. டாகுமென்ட்ஸும் பரவாயில்லை. ஆனா ஒரு போட்டோ ஃபோல்டர்ல மட்டும் 0ல நின்னு டிக் டிக்னு சத்தம் வருது. டிஸ்க்கோட ஆரோக்கியத்தைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல மஞ்சள் (எச்சரிக்கை), சி5 வரிசையில 48.

பதில் 1:
காப்பியை உடனே நிறுத்துங்க. அந்த 48 ஹெக்ஸ் எண் (16 அடிமானம்), நம்ம கணக்கில 72. அத்தனை செக்டாரை (டிஸ்க்கில டேட்டா இருக்கிற சின்னச் சின்ன கட்டங்களை) படிக்க முடியாம டிஸ்க் தவிக்குது. செக்டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் சரிசெய்யும் கமாண்ட்) ஓட்டிடாதீங்க, இருக்கிறதும் போயிடலாம். லினக்ஸ் லைவ் யுஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓடுற பென் டிரைவ்) பூட் பண்ணி, 2 டிபிக்குக் குறையாத காலி டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கிலிருந்து டேட்டாவை மீட்கிற கருவி) மூலமா முழு நகல் எடுங்க. முதல் சுற்று -n ஆப்ஷனோட: கெட்ட இடத்தில மல்லுக்கட்டாம நல்லதை முதல்ல அள்ளிடும். அடுத்த சுற்றுல -r3, அதாவது கெட்ட இடங்களை மூணு முறை திரும்ப முயற்சி. எது வரை படிச்சதுன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் கட்டாயம் கொடுங்க, அதையும் பழுதான டிஸ்க்கில வைக்காதீங்க. அது இருந்தாத்தான் நடுவில நின்னாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். போட்டோவை அந்த நகலிலிருந்து எடுத்துக்கலாம்.